ஆழ்கடல் அட்டைகளும் அவற்றின் உறவினர்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆழ்கடல் என்று எந்த ஆழத்திலிருந்து சொல்கிறார்கள்?

பொதுவாக 200 மீட்டருக்குக் கீழே. அதற்கு அப்பால் தாவரங்கள் வளரும் அளவுக்கு வெளிச்சம் கிடையாது. 1,000 மீட்டரைத் தாண்டினால் சூரிய ஒளியே இல்லை. கடலின் சராசரி ஆழம் ஏறக்குறைய 3,700 மீட்டர். இங்கே பேசப்போகும் பிராணிகளில் பெரும்பாலானவை 3,000 முதல் 6,000 மீட்டர் வரையுள்ள சேற்றுச் சமவெளிகளில் வாழ்பவை. அங்கே தண்ணீரின் வெப்பநிலை 2 அல்லது 3 டிகிரி. 5,000 மீட்டரில் அழுத்தம் நாம் தரையில் தாங்குவதைப் போல 500 மடங்கு.

கடல் அட்டை என்பது அட்டைப்பூச்சியா?

இல்லை. இரத்தம் உறிஞ்சும் அட்டைக்கும் இதற்கும் எந்த உறவும் கிடையாது. கடல் அட்டை முட்தோலி இனம். நட்சத்திர மீன், பாம்பு நட்சத்திரம், கடல் முள்ளெலி, கடல் அல்லி ஆகிய நான்கும் இதன் நெருங்கிய உறவுகள். ஐந்து வகுப்புகளையும் சேர்த்தால் இன்று உயிரோடு இருப்பவை ஏறக்குறைய 7,000 இனங்கள். அதில் கடல் அட்டைகள் மட்டும் 1,700 அளவில் வரும். ஆற்றிலோ குளத்திலோ வாழும் முட்தோலி ஒன்றுகூடக் கிடையாது. உடலுக்குள் ஓடும் நீர்க்குழாய்களின் அழுத்தத்தால் நீண்டு சுருங்கும் குழாய்க்கால்கள் இந்தக் குடும்பத்தின் பொது அடையாளம்.

ராமேஸ்வரம், மன்னார் பக்கம் கிடைக்கும் கடல் அட்டையும் ஆழ்கடல் அட்டையும் ஒன்றுதானா?

ஒரே வகுப்பு, ஆனால் பழக்கமும் உடலமைப்பும் வேறு. மன்னார் வளைகுடாவில் கிடைக்கும் வெள்ளை அட்டை, சில மீட்டர் ஆழத்தில் கடற்புல் நடுவே மணலை விழுங்கித் திரிவது. தடித்த, தசைப்பிடிப்புள்ள உடல். அதனால்தான் அவித்து உலர்த்தி விற்க முடிகிறது. அதற்குச் சுவாச மரம் என்ற உள்ளுறுப்பு உண்டு. மலவாய் வழியாகத் தண்ணீரை இழுத்து அதில் மூச்சு விடும். ஆழ்கடலுக்கே உரிய எலாசிப்போடா என்ற வரிசையில் அந்த உறுப்பே இல்லை. அவற்றின் சதை பெரும்பாலும் நீர். தொட்டால் நுங்கு போல வழுக்கும்.

சட்டத்தைப் பற்றியும் கேட்பார்கள் என்பதால் சொல்லிவிடுகிறேன். இந்தியாவில் 2001 முதல் எல்லாக் கடல் அட்டைகளும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. புலி இருக்கும் அதே அட்டவணை. இலங்கையில் நிலைமை வேறு. அங்கே உரிமம் பெற்றுப் பிடிக்கலாம், வடக்கில் பண்ணைகளும் நடக்கின்றன.

ஆழத்தில் மற்ற பிராணிகளைவிட இவை அதிகம் தென்படுவது ஏன்?

முதல் காரணம் சாப்பாடு. அந்தச் சமவெளியில் எதுவும் முளைப்பதில்லை. மேலே செத்த நுண்பாசிகள், கழிவு, மிதவை உயிர்களின் சிதைவு எல்லாம் கட்டிகட்டியாகச் சேர்ந்து வாரக்கணக்கில் கீழே இறங்கி வருகின்றன. கடற்பனி என்று இதற்குப் பெயர். வழியிலேயே பெரும்பகுதி தின்னப்பட்டு, நூற்றில் ஒரு பங்கு அளவுதான் அடியைத் தொடும். வேட்டையாடிப் பிழைக்க அங்கே இரை போதாது. தரையில் படிந்த மெல்லிய படலத்தை வழித்து உண்ணத் தெரிந்தவனுக்குத்தான் அங்கே வாழ்வு. வாயைச் சுற்றியுள்ள உணர்கொம்புகளால் சேற்றின் மேல் மில்லிமீட்டரை மட்டும் துழாவி எடுக்கும் வேலையைக் கடல் அட்டையைவிட நேர்த்தியாகச் செய்யும் பெரிய பிராணி வேறு இல்லை. அகப்பட்டதையெல்லாம் விழுங்குவதாகப் பலர் எழுதுகிறார்கள். அது அவ்வளவு சரியில்லை. குடலைத் திறந்து பார்த்தால், சுற்றியுள்ள சேற்றில் இருப்பதைவிடப் புதிய பாசித் துகள் அதிகமாக இருக்கிறது. பொறுக்கித்தான் தின்கின்றன.

இரண்டாவது காரணம் சுண்ணாம்பு. ஏறக்குறைய 4,000 முதல் 5,000 மீட்டருக்குக் கீழே குளிர்ந்த, அழுத்தம் மிகுந்த நீரில் கால்சியம் கார்பனேட் கரைந்துவிடுகிறது. ஓடு கட்டி வாழும் கடல் முள்ளெலிக்கும் கனத்த எலும்புத் தகடுகள் கொண்ட நட்சத்திர மீனுக்கும் அங்கே கட்டுமானச் செலவு ஏறிக்கொண்டே போகும். கடல் அட்டையின் எலும்பு எல்லாம் தோலில் சிதறிக் கிடக்கும் நுண்துகள்கள் மட்டுமே. இழப்பதற்கு அதிகம் இல்லை.

மூன்றாவது, உடல். பெரும்பகுதி தண்ணீராலேயே ஆனதால் காற்றறைகள் நசுங்கும் கவலை கிடையாது. உடலை வளர்க்கவும் குறைந்த உணவு போதும்.

எத்தனை விதமான உருவங்கள்?

இந்தக் கேள்விக்கு மட்டும் நாள் முழுக்கப் பதில் சொல்லலாம். நான்கைந்து பேரை அறிமுகம் செய்கிறேன்.

ஸ்கோட்டோபிளேன்ஸ், அதாவது கடற்பன்றி. ஐந்து முதல் ஏழு ஜோடிக் கொழுத்த குழாய்க்கால்கள், அவற்றில் நடக்கிறது. ஊர்வதில்லை, நடக்கிறது. முதுகில் கொம்பு மாதிரி நீட்டிக்கொண்டிருப்பவையும் மாறிப்போன குழாய்க்கால்களே. நீரோட்டம் வரும் திசைக்கு முகம் காட்டியபடி நூற்றுக்கணக்கில் கூட்டமாக நிற்கும் படங்கள் உண்டு. உணவின் வாசனை அந்தப் பக்கத்திலிருந்துதான் வரும். கலிபோர்னியாவின் மான்டரே விரிகுடாவுக்கு அப்பால் ஒரு வேடிக்கை நடக்கிறது. ராஜ நண்டின் குஞ்சுகள் கடற்பன்றியின் வயிற்றுக்கடியில் தொற்றிக்கொண்டு திரிகின்றன. ஒளிந்துகொள்ள ஒரு கல்கூட இல்லாத சமவெளியில் வேறு என்ன செய்யும்? அங்கே பார்த்த நண்டுக்குஞ்சுகள் ஏறக்குறைய எல்லாமே இப்படித்தான் இருந்தன என்று 2016இல் எழுதினார்கள்.

சைக்ரோபோட்டஸ் லாங்கிகாடா. அரை மீட்டருக்கும் மேல் வளரும், ஊதா அல்லது மஞ்சள் நிறம். உடலின் பின்பகுதியிலிருந்து பெரிய வால் ஒன்று நிமிர்ந்து நிற்கும். நீரோட்டம் அதில் மோதி பிராணியை நகர்த்த உதவுகிறது என்று சிலர் சொல்கிறார்கள். பயன் இன்னதென்று முடிவாகவில்லை. இதன் முட்டை 3 மில்லிமீட்டருக்கும் பெரிது. முட்தோலிகளில் இவ்வளவு பெரிய முட்டை அபூர்வம். குஞ்சுகள் கடலடியிலிருந்து வெகு உயரத்தில் நீந்துவதை வலைகளில் பிடித்திருக்கிறார்கள். ஒரே இனம் உலகெங்கும் பரவியிருக்கிறது என்று நூறாண்டுக்கு மேல் நம்பியிருந்தோம். டிஎன்ஏவைப் பார்த்தபோது அந்தப் பெயருக்குள் ஒன்றுக்கு மேற்பட்ட இனங்கள் ஒளிந்திருப்பது தெரிந்தது.

பெலகோதூரியா நடாட்ரிக்ஸ். உணர்கொம்புகளுக்குப் பின்னால் விரியும் சவ்வுடன், கடலடிக்கே வராமல் வாழ்நாள் முழுவதும் மிதந்து வாழ்கிறது. முட்தோலிகள் அனைத்திலும் இப்படி வாழ்வது இது ஒன்றே.

கடைசியாக மைரியோட்ரோக்கிடுகள். கால் கிடையாது, பார்வைக்கு ஒரு சின்னப் புழு. அழகுப் போட்டியில் யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். ஆனால் பூமியின் மிக ஆழமான அகழிகளின் அடிவரை போய்க் குடியேறியவை இவைதான்.

‘தலையில்லாக் கோழி அரக்கன்’ என்று ஒரு வீடியோ வந்ததே, அது உண்மையா?

வீடியோ உண்மை. அரக்கன் கிடையாது. அதன் பெயர் எனிப்னியாஸ்டஸ் எக்சிமியா. நீந்தும் கடல் அட்டை. ஆஸ்திரேலிய அண்டார்டிக் பிரிவு கிழக்கு அண்டார்டிகாவுக்கு அருகே எடுத்த படம் 2018இல் செய்தியாகி அந்தப் பட்டப்பெயருடன் உலகைச் சுற்றியது. எனக்கு இந்தப் பெயர் பிடிக்கவில்லை. பயமுறுத்தும் பட்டம் சூட்டினால்தான் ஒரு பிராணியைக் கவனிப்போம் என்பது நம்முடைய குறை.

கவனிக்க வேறு எவ்வளவோ இருக்கிறது. சிவப்பும் இளஞ்சிவப்புமான உடல் ஊடுருவித் தெரியும்; சேறு நிரம்பிய குடல் வளைந்து போவதை வெளியிலிருந்தே பார்க்கலாம். தரையில் இறங்கி, சிறிது நேரம் அள்ளி உண்டு, சவ்வை அடித்து மேலே எழும்பிவிடும். யாராவது தீண்டினால் தோல் ஒளிர்கிறது. இன்னும் அழுத்தினால் அந்த ஒளிரும் தோல் பசையாக உரிந்து தீண்டியவன் மேலேயே ஒட்டிக்கொள்ளும். பிடிக்க வந்த மீன் இருட்டில் தானே விளக்காகி, தன்னைத் தின்னும் பெரிய மீனுக்குக் காட்டிக்கொடுக்கப்படும்.

கண்ணும் மூளையும் இல்லாமல் எப்படிச் சமாளிக்கின்றன?

வாயைச் சுற்றி ஒரு நரம்பு வளையம், அதிலிருந்து உடல் நெடுக ஐந்து நரம்புகள். மணம், தொடுகை, நீரோட்டம் ஆகிய மூன்றையும் அறிந்தால் அங்கே போதுமானது.

இவை எவ்வளவு ஆழம்வரை வாழ்கின்றன?

அடிமட்டம் வரை. 1951இல் டென்மார்க்கின் கலதேயா கப்பல் பிலிப்பைன்ஸ் அகழியில் 10,190 மீட்டர் ஆழத்திலிருந்து இழுவலையை மேலேற்றியது. அதில் கடல் அட்டைகள் இருந்தன. மைரியோட்ரோக்கிட் வகையில் ஒன்றுக்குப் பயணத்தின் தலைவர் ஆன்டன் புரூனின் பெயரையே வைத்தார் பென்ட் ஹான்சன். ஆழ்கடல் அட்டைகளைப் பற்றி 1975இல் அவர் எழுதிய ஆய்வேட்டை இன்றும் இத்துறையில் புரட்டாதவர் இல்லை.

இதோடு ஒட்டிய ஒரு வழக்கு இருக்கிறது. 1960 ஜனவரி 23 அன்று ட்ரியஸ்ட் என்ற ஆழ்மூழ்கிக் கலத்தில் மரியானா அகழியின் அடியைத் தொட்ட ஜாக் பிக்கார், அங்கே ஒரு தட்டை மீனைக் கண்டதாகச் சொன்னார். மீன் நிபுணர்கள் இதை ஏற்கவில்லை. மீன்களின் உடலில் புரதங்களை அழுத்தத்திலிருந்து காக்கும் ஒரு வேதிப்பொருள் ஆழத்துக்கு ஏற்ப கூடுகிறது; 8,200 முதல் 8,400 மீட்டருக்குக் கீழே அதைக் கூட்ட வழியில்லை. இதுவரை கேமராவில் சிக்கிய மிக ஆழமான மீன், ஜப்பானுக்குத் தெற்கே 2022இல் 8,336 மீட்டரில் பதிவானது. பிக்கார் கண்டது 10,900 மீட்டருக்கு அருகே. அவர் பார்த்தது கடல் அட்டையாகத்தான் இருக்கவேண்டும் என்பது பலரின் கணிப்பு. எனக்கும் அதுவே நியாயமாகப் படுகிறது.

ஆழத்தில் உயிரே இல்லை என்று ஒருகாலத்தில் நம்பினார்களாமே?

நம்பினார்கள். 1841இல் ஈஜியன் கடலில் தூர்வாரிய எட்வர்ட் ஃபோர்ப்ஸ், ஆழம் கூடக்கூட உயிர்கள் குறைவதைக் கண்டு, ஏறக்குறைய 550 மீட்டருக்குக் கீழே எதுவும் இராது என்று கணித்தார். ஈஜியன் உணவுச் சத்துக் குறைந்த கடல். அதை வைத்து உலகக் கடல்களுக்கெல்லாம் தீர்ப்பு எழுதியதுதான் சிக்கல்.

வேடிக்கை என்னவென்றால், மறுப்பு அதற்கு முன்பே மேலே வந்திருந்தது. 1818இல் ஜான் ராஸ் பாஃபின் விரிகுடாவில் ஆழம் பார்க்க இறக்கிய கயிற்றில், கிளைகிளையாகப் பிரியும் கைகள் கொண்ட கூடை நட்சத்திரம் ஒன்று சிக்கி வந்தது. யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பிறகு 1860களில் நார்வேயின் லோஃபோடன் தீவுகளுக்கு அருகே, ஃபோர்ப்ஸ் கோடு போட்ட அதே ஆழத்திலிருந்து, இளையவரான ஜார்ஜ் ஓசியன் சார்ஸ் ஒரு சின்னஞ்சிறு கடல் அல்லியை எடுத்தார். காம்பின் மேல் நிற்கும் இந்த வகை, புதைபடிவங்களில் மட்டுமே தெரிந்த ஒரு குடும்பத்தின் சாயலில் இருந்தது. தந்தை மைக்கேல் சார்ஸ் அதை 1868இல் விவரித்தார். அதைக் கண்டு தூண்டுதல் பெற்றவர்களில் ஒருவர் ஸ்காட்லாந்து விலங்கியலாளர் வைவில் தாம்சன். அவர் முன்னின்று நடத்திய சேலஞ்சர் பயணம் 1872 டிசம்பர் முதல் 1876 மே வரை உலகைச் சுற்றியது. அது கொண்டுவந்த கடல் அட்டைகளை ஸ்வீடனின் யால்மர் டேல் பகுத்தெழுதினார்; எலாசிப்போடா வரிசை அவருடைய கைவண்ணம்.

மற்ற முட்தோலிகளில் பார்க்கவேண்டியவை எவை?

நட்சத்திர மீன்களில் பிரிசிங்கிட் வகை. கடலடிப் பாறைமீது ஏறி, பத்துக்கும் மேற்பட்ட நீண்ட கைகளை மேலே தூக்கி விரித்து, நீரோட்டத்தில் வரும் துகள்களை நுண்கொறடுகளால் பிடித்துத் தின்னும். முதலில் கண்டெடுத்தவர் நார்வேயின் நாட்டுப்புறக் கதைகளைத் தொகுத்துப் புகழ்பெற்ற பீட்டர் கிறிஸ்டன் அஸ்பியோர்ன்சன். 1853இல் ஹார்டாங்கர் கடற்கழியில் எடுத்தார். கதை சேகரிப்பவர் கடலிலும் சும்மா இருக்கவில்லை.

அடுத்தது சைலோபிளாக்ஸ். நியூசிலாந்துக்கு அருகே 1,000 மீட்டருக்குக் கீழே மூழ்கிக் கிடந்த மரத்துண்டுகளில் கிடைத்தது. குறுக்களவு ஒரு சென்டிமீட்டர்கூட இல்லை. கைகளே இல்லாத வட்டம், விளிம்பெங்கும் முட்கள். 1986இல் விவரித்தவர்கள் இதற்காக முட்தோலிகளில் ஆறாவது வகுப்பையே உருவாக்கினார்கள். பின்னர் வந்த ஆய்வுகள் இதை நட்சத்திர மீன்களுக்குள் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டன.

கடல் முள்ளெலிகளில் தோல் முள்ளெலி. 1869இல் போர்க்குபைன் கப்பலின் இழுவலையில் வந்தபோது, கெட்டியான ஓட்டை எதிர்பார்த்து நின்றார் தாம்சன். தளத்தில் விழுந்த சிவப்பு உருண்டை தட்டையாகத் தளர்ந்து, மூச்சு வாங்குவதாகத் தோன்றும்படி ஏறி இறங்கியது. அதன் தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று நகரக்கூடியவை. முட்கள் நஞ்சுள்ளவை.

காம்புள்ள கடல் அல்லிகள் ஒரே இடத்தில் வேரூன்றி நிற்பவை என்றே பாடப்புத்தகங்கள் சொல்லிவந்தன. பஹாமாஸ் அருகே எடுத்த படங்களில் ஒன்று, காம்பின் அடியை உதறிவிட்டுக் கைகளால் தரையைப் பற்றி இழுத்தபடி வினாடிக்குச் சில சென்டிமீட்டர் வேகத்தில் நகர்ந்தது. துரத்துவது யார்? இவற்றைக் கடித்துத் தின்னும் கடல் முள்ளெலிகள்தான் என்று ஐயப்படுகிறார்கள். உறவினர் தொல்லை கடலடியிலும் உண்டு.

பாம்பு நட்சத்திரங்கள்தான் எண்ணிக்கையில் அதிகம். 2,000க்கும் மேற்பட்ட இனங்கள். அவற்றுக்குத் தனிப் பக்கம் வேண்டும் என்பதால் இங்கே தாண்டிப்போகிறேன்.

இனத்தை எப்படி அடையாளம் காண்கிறார்கள்?

மேலே கொண்டுவரும்போதே பாதி போய்விடும். வலையில் உரசி, சூடான தண்ணீரில் தளர்ந்து, தட்டில் வைக்கும்போது நிறமிழந்த சளித் திரளாகக் கிடக்கும். எனவே தோலில் உள்ள நுண்ணெலும்புகளைப் பார்ப்பார்கள். கடுகளவு தோலை வெட்டிக் கண்ணாடித் துண்டில் வைத்து, இரண்டு சொட்டு ப்ளீச் விடுவார்கள். சதை நுரைத்துக் கரைந்து, வெண்தூள் மட்டும் அடியில் நிற்கும். நுண்ணோக்கியில் அந்தத் தூள் உருவம் காட்டும்: மைரியோட்ரோக்கிட் என்றால் ஆரங்களும் பல்லும் கொண்ட சக்கரங்கள், சைக்ரோபோட்டஸ் என்றால் நான்கு கைகளுள்ள சிலுவைகள், கைகளில் முட்கள். சக்கரத்தின் ஆரங்களை எண்ணித்தான் பல இனங்களைப் பிரிக்கிறார்கள்.

பழைய மாதிரிகளில் ஒரு சாபம் உண்டு. அமிலம் கலந்த ஃபார்மலினில் ஊறியவற்றில் அந்தச் சுண்ணாம்பு முழுதும் கரைந்துபோயிருக்கும். ஜாடி இருக்கும், சீட்டு இருக்கும், பிராணி யாரென்று சொல்ல வழியிருக்காது. இப்போது ஒரு துண்டை ஆல்கஹாலில் தனியே டிஎன்ஏவுக்காக எடுத்துவைப்பதும், தரையில் உயிரோடு இருக்கும்போதே ரோபோ கேமராவில் படமெடுப்பதும் வழக்கமாகிவிட்டது.

இந்தியப் பெருங்கடலில் யாராவது ஆராய்ந்திருக்கிறார்களா?

நன்றாகவே. ராயல் இந்தியன் மரைன் சர்வேயின் இன்வெஸ்டிகேட்டர் கப்பல் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் வங்காள விரிகுடா, அரபிக்கடல், அந்தமான் கடல் பகுதிகளில் ஆழ்கடல் இழுவலை போட்டது. கப்பலில் இயற்கையியலாளராக இருந்த மருத்துவர் ஆல்ஃபிரட் அல்காக் நட்சத்திர மீன்களைத் தானே விவரித்தார். கடல் அட்டைகள் பிரான்சின் லியோன் நகருக்குப் போயின. ரெனே கோலரும் கிளமான் வானேயும் எழுதிய ஆழ்கடல் அட்டைகள் நூல் 1905இல் கல்கத்தா இந்திய அருங்காட்சியகத்தின் வெளியீடாக வந்தது. இன்றும் நம் கடலின் ஆழ்கடல் அட்டைக்குப் பெயர் தேடுபவர் முதலில் எடுப்பது அந்த நூலைத்தான். அதற்குப் பிறகு அந்த அளவில் இன்னொன்று எழுதப்படவில்லை என்பது வருத்தம்.

இவற்றின் எண்ணிக்கை எப்போதும் ஒரே அளவில் இருக்குமா?

மாறாத உலகம் என்றுதான் நினைத்திருந்தார்கள். அயர்லாந்துக்குத் தென்மேற்கே, 4,850 மீட்டர் ஆழமுள்ள போர்க்குபைன் சமவெளியில் பல ஆண்டுகள் தொடர்ந்து கணக்கெடுத்தவர்கள் அந்த நினைப்பை உடைத்தார்கள். அதுவரை அபூர்வமாக இருந்த அம்பெரிமா ரோசியா என்ற சிறு கடல் அட்டை 1996இல் நூறு மடங்குக்கு மேல் பெருகிக் கிடந்தது. கடலடி முழுவதையும் ஒருமுறை வழித்துத் தின்ன முன்பு ஆண்டுக்கணக்கில் ஆனது. பெருக்கத்துக்குப் பின் வாரக்கணக்கில் முடிந்தது. மேலிருந்து விழும் உணவின் அளவும் தரமும் மாறியதுதான் காரணம் என்று கருதுகிறார்கள்.

ஆர்க்டிக்கிலும் இதே பாடம். 2012 கோடையில் பனி உருகியபோது, பனியின் அடியில் ஒட்டி வளரும் மெலோசிரா என்ற பாசி கொத்துக்கொத்தாக 4,000 மீட்டர் கீழே விழுந்தது. அதைக் கோல்கா ஹியாலினா என்ற கடல் அட்டை மொய்த்துத் தின்பதைப் போலார்ஸ்டெர்ன் கப்பலின் ஆய்வாளர்கள் படமெடுத்தார்கள்.

ஆழ்கடல் சுரங்கம் வந்தால் என்ன ஆகும்?

சுரங்கம் தோண்டினால் என்ன ஆகும் என்று சோதித்துப் பார்க்க, 1989இல் ஜெர்மானிய ஆய்வாளர்கள் பெரு படுகையில் 4,000 மீட்டருக்குக் கீழே கடலடியை உழுதுவிட்டு வந்தார்கள். 2015இல் திரும்பிப் பார்த்தபோது உழவுச் சால்கள் அப்படியே இருந்தன. கடல் அட்டைகளின் எண்ணிக்கை ஏறக்குறைய மீண்டிருந்தது. அவை நடமாடுபவை, அக்கம்பக்கத்திலிருந்து வந்துவிட்டன. சுரங்கக்காரர்கள் தேடும், கடலடியில் சிதறிக் கிடக்கும் கனிம உருண்டைகள்மேல் ஒட்டி வாழ்பவை திரும்பவில்லை. அந்த உருண்டைகள் பத்து லட்சம் ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர்தான் வளரும்.

கடல் அட்டைகள் தப்பிவிடும் என்று இதை வைத்து ஆறுதல் சொல்பவர்களிடம் எனக்கு ஒரு கேள்வி. அந்தச் சோதனை சில சதுர கிலோமீட்டரில் நடந்தது. அக்கம்பக்கமும் தோண்டப்பட்டால் எங்கிருந்து வருவது?

இது சென்னைக்குத் தொலைவான விஷயமும் அல்ல. மத்திய இந்தியப் பெருங்கடல் படுகையில் 75,000 சதுர கிலோமீட்டரில் உருண்டைகளைத் தேடும் உரிமை இந்தியாவிடம் இருக்கிறது. பள்ளிக்கரணையில் உள்ள தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனம் 2021இல் தன் வராஹா என்ற கடலடிச் சுரங்க இயந்திரத்தை 5,270 மீட்டர் ஆழத்தில் ஓட்டிப் பார்த்தது. பசிபிக்கில் இதே போன்ற கிளாரியன்-கிளிப்பர்டன் பகுதியில் 5,500க்கும் மேற்பட்ட இனங்கள் பதிவாகி, அவற்றில் பத்தில் ஒன்பது அளவுக்கு இன்னும் பெயரே சூட்டப்படாதவை என்று 2023இல் கணக்கிட்டார்கள். இந்தியப் படுகையோ நாட்டின் எல்லைக்கு வெளியே, சர்வதேசப் பரப்பில் இருக்கிறது; விதி வகுப்பது ஜமைக்காவின் கிங்ஸ்டனில் இருக்கும் சர்வதேசக் கடற்படுகை ஆணையம். பாக் நீரிணையில் ஒரு வெள்ளை அட்டையை எடுத்த மீனவர் சிறைக்குப் போகிறார். ஆழத்துக் கடற்பன்றிக்கு வனவிலங்குச் சட்ட அட்டவணையின் காவல் எட்டுவதில்லை. இந்த முரண்பாட்டைப் பற்றி யாரும் பேசுவதாகத் தெரியவில்லை.

ஆழ்கடல் அட்டையைச் சாப்பிடலாமா?

வெந்நீரில் போட்டால் மிஞ்சுவது ஒன்றுமிராது. யாரும் வாங்கவும் மாட்டார்கள்.

உயிரோடு பார்க்க ஏதாவது வழி?

அமெரிக்காவின் ஒகியானோஸ் எக்ஸ்புளோரர், நாட்டிலஸ் ஆகிய கப்பல்களும் ஷ்மிட் கடலாய்வு நிறுவனமும் தங்கள் ரோபோக்கள் கீழே இறங்கும்போது யூடியூபில் நேரடியாக ஒளிபரப்புகின்றன. பசிபிக் பயணங்கள் பெரும்பாலும் நம் நள்ளிரவுக்கும் அதிகாலைக்கும் இடையில் வரும். மணிக்கணக்கில் வெறும் சேறுதான் ஓடும், ஒலியை அணைத்துவிடாதீர்கள். திரையில் ஊதாவாக ஏதாவது தெரிந்தவுடன் நிபுணர்கள் பெயருக்காகச் சண்டை போட்டுக்கொள்வது கேட்கத் தகுந்தது.